தாணப்பனுக்கு வைத்த மேசை

தக்கலையில் இருந்து பத்மநாபபுரம் கோட்டைக்குப் போகிற வழியில் 'சாயங்காலம்' என்று ஒரு கடை இருக்கிறது. போர்டில் ஒயின் பார், ஃபேமிலி ரெஸ்டாரண்ட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் மிரள ஒன்றுமில்லை. பீரும் ஒயினும் மட்டும்தான் அங்கே. ரம் உண்டா, பிராந்தி உண்டா என்று கேட்டு வருகிறவனைக் கடைக்காரன் ஸ்ரீனிவாசன் சிரித்துக்கொண்டே ஜங்ஷன் கடைக்கு வழிசொல்லி அனுப்பிவிடுவான். அக்கம்பக்கத்துக்காரர்கள் கைலியோடு வருவார்கள், பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள், ஒரு கிளாஸ் ஒயினை வைத்துக்கொண்டு பேசித் தீர்ப்பார்கள். மரச்சீனிக் கிழங்கும் பொரித்த நெய்மீனும் அந்த ஓட்டு வீட்டில் தின்றவன் வேறு எங்கேயும் வாயைத் திறக்க மாட்டான்.

இப்படிப்பட்ட இடத்துக்குக் குடியை விட்ட ஒருவன் தன் திருமண நாளில் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போவானா? சுஜித் போனான்.

சிவப்ரியா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "நாகர்கோவில்ல வேற கடையே இல்லியா? அங்க போய்தான் இருக்கணுமா நீங்க?"

"ஏட்டி, ஒனக்கு நெய்மீன் பிடிக்கும்லா? நான் சாத்துக்குடி ஜூஸ் குடிப்பேன். அந்தக் கிளாஸப் பாத்துட்டு சும்மா எந்திச்சு வந்தாத்தானே எனக்கே எம்மேல நம்பிக்கை வரும்."

போன வருடம் ஆஸ்பத்திரியில் அவன் ரத்தமாக வாந்தி எடுத்துக் கிடந்தபோது டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, இனி ஒரு மடக்கு உள்ளே போனாலும் என்னிடம் தூக்கிக்கொண்டு வராதீர்கள், என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து சுஜித் தொடவில்லை. இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். குடித்த காலத்தில் அவன் வேறு ஆள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே, இன்றைக்கு வந்திருப்பது எந்தச் சுஜித் என்று அவள் நெஞ்சு தானாகக் கணக்குப் போடும். அந்த வேறு ஆளை இனி ஒரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

ஆனாலும் கிளம்பினாள். அவளிடம் ஒரு சேதி இருந்தது. அவள் கைப்பையில், டிஷ்யூ பேப்பரில் சுற்றி, ரெண்டு சிவப்புக் கோடு விழுந்த அந்த வெள்ளைக் குச்சி. சாப்பிட்டு முடித்ததும் மேசைமேல் எடுத்து வைத்து அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வேளிமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. சாரல் விழத் தொடங்கியிருந்தது. ஹாலில் நல்ல கூட்டம். நடுச்சுவரில் ஸ்ரீனிவாசனின் அப்பா தாணப்பனின் படத்துக்குப் புது மாலை போட்டிருந்தார்கள். இடது தோளைத் தூக்கி, தலையைச் சாய்த்து, போட்டோக்காரனையே விசாரிக்கிற மாதிரி பார்க்கும் கிழவர். கடைக்கு இந்தப் பெயரை வைத்ததே அவர்தானாம். சாகிறவரைக்கும் தினமும் சாயங்காலம் உள்ளே ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பார். ஒன்றுதான், ஆனால் சொட்டு மிச்சம் வைக்க மாட்டார்.

ஸ்ரீனிவாசனைக் காணவில்லை. பரிமாறுகிற பெண் இரு கையிலும் தட்டுகளோடு ஓடுகிற ஓட்டத்தில் தாடையால் காட்டினாள்.

"போன் பண்ணுனது நீங்கதானா? அண்ணன் ஒங்களுக்குன்னு பின்பக்கம் தனியா மேசை போட்டிருக்காங்க. தோட்டத்துல."

தோட்டத்துக்குப் போகிற இடைவழி நீளமானது. ஹாலின் சிரிப்புச் சத்தம் நாலு எட்டு வைத்ததும் குறைந்துவிட்டது. பழைய பலாமரத் தூண்களின் வாசனையோடு கிராம்பும் பட்டையும் போட்டுக் கனிந்த ஒயின் வாசனை கலந்து வந்தது. சுஜித் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். அதை அவள் பார்த்தாள்.

அப்போதுதான் மழை சடசடவென்று பிடித்தது. கரண்டும் போனது.

தோட்டத்து மேசை நனைந்துகொண்டிருப்பது மங்கலாகத் தெரிந்தது. இடைவழியின் தெற்குக் கோடியில் ஒரு சாத்திய கதவு. அடியிடுக்கில் சின்னதாக வெளிச்சம்.

"மழைன்ன உடனே உள்ள மாத்திட்டான் பாத்தியா! சீனி அண்ணன் கில்லாடி," என்றான் சுஜித்.

தள்ளினான். கதவு திறந்தது.

சிறிய அறை. ஒற்றைத் திரி போட்ட குத்துவிளக்கு ஒன்று மூலையில் எரிந்தது. மேசைமேல் தலைவாழை இலை. அதில் மரச்சீனி மசித்து மயக்கியது, நெய்மீன் பொரித்தது, நண்டு வறுவல், ஒரு பக்கம் தேங்காய்த் துவையல். இலைக்கு வலப்புறம் விளிம்புவரை ஊற்றிய கறுஞ்சிவப்பு ஒயின்.

"மேசைய ஜோராத்தான் வச்சிருக்கான்," என்றான் சுஜித். "இந்தக் கிளாஸ மட்டும் எடுக்கச் சொல்லணும்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

சிவப்ரியா வாசலிலேயே நின்றாள். ரெண்டு பேருக்கு மேசை சொன்னோம், இலை ஏன் ஒன்றுதான் இருக்கிறது? நாற்காலியும் ஒன்றுதான். மீனில் ஒரு பக்கம் ஏற்கெனவே பிட்டுத் தின்றிருந்தது. முள்ளெல்லாம் இலையின் ஓரத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக, அளந்து வைத்த மாதிரி அடுக்கியிருந்தது.

"எந்திரிங்க. இது யாரோ பாதி தின்ன இலை."

"நாற்காலி சுடுது ஏட்டி," என்றான் அவன் சிரித்துக்கொண்டே. "இப்பத்தான் யாரோ எந்திச்சிருக்கான்."

அறைக்கு வேறு வழி கிடையாது. ஜன்னலும் சாத்தியிருந்தது.

அவர்கள் வந்த இடைவழியில் யாரும் எதிரே வரவில்லை.

இந்த விளக்கை, இந்த இலையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவள் மனசு தேடியது. சுஜித் அதற்குள் மீனைப் பிட்டு வாயில் போட்டிருந்தான்.

"எச்சில் இலைன்னு சொல்லுதேன், கேக்க மாட்டியளா?"

அவன் தின்றான். பசித்த மனுசன் தின்பது போல இல்லை, ஊரில் தனக்கு ஒரு வேலையும் பாக்கி இல்லாத மனுசன் தின்பது போல நிதானமாகத் தின்றான். வாயிலிருந்து ஒரு முள்ளை எடுத்தான். இலையின் ஓரத்தில், ஏற்கெனவே இருந்த வரிசையின் கடைசியில், பதமாக வைத்தான்.

சுஜித்துக்கு முள் எடுக்கத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் மீனைப் பிய்த்து வைப்பாள்.

இன்னொரு முள். அதையும் வரிசையில் வைத்தான்.

அவனுடைய இடது தோள் மெல்ல உயர்ந்தது. தலை சாய்ந்தது.

அவளுக்கு அப்போது நினைவு வந்தது. அவளுடைய தாத்தா இறந்த வருடம் பூதப்பாண்டி வீட்டில் இதே போல வைத்தார்கள். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் ஒரு அறையில் இலை போட்டு வைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்காரர்கள் எல்லாரும் முற்றத்துக்குப் போய்விடுவார்கள். எட்டிப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் நடமாடக் கூடாது. கொஞ்சம் பொறுத்து வந்து கதவைத் தட்ட வேண்டும். தட்டிவிட்டு நிற்க வேண்டும். தின்றுகொண்டிருப்பவர் எழுந்து போக நேரம் கொடுத்து, அதன்பிறகே திறக்க வேண்டும். சின்னப் பிள்ளையாக அவள் ஓடிப்போய்க் கதவில் கைவைத்தபோது அம்மா முதுகில் ஓங்கி ஒன்று போட்டது இப்போதும் வலித்தது.

இன்றைக்குத் தட்டாமல் திறந்துவிட்டார்கள்.

"சுஜித்!" அவள் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். தோள் கல் மாதிரி இருந்தது. அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். கோபமில்லை. சொல்லப்போனால் கரிசனமாகவே பார்த்தான். பாஷைதான் அவனுடையது இல்லை, தொண்டையில் கிழட்டுக் கரகரப்பு.

"நீ யாரு பிள்ள?"

அவள் கையை எடுத்துவிட்டாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

வெளியே மழை. தட்டியவர்கள் நின்று பொறுத்திருந்தார்கள். வழக்கப்படி நேரம் கொடுத்தார்கள்.

சுஜித்தின் வாய் திறந்தது.

"நில்லு கோமளம். இன்னும் தீரல்ல."

வெளியே ஒரு பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது. ஒரு கிழவியின் குரல், கேட்க முடியாத அளவு மெலிந்து, "ஈஸ்வரா... சீனி, ஒனக்க அப்பாக்க சத்தம்லாடே அது," என்றது.

கதவைத் திறந்தது ஸ்ரீனிவாசன். கையில் செல்போன் வெளிச்சம். பின்னால் அவன் அம்மா கோமளவல்லி, ஈரப் புடவையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு. ஸ்ரீனிவாசன் சுஜித்தைப் பார்த்தான், இலையைப் பார்த்தான், முகம் வெளிறிப்போனது.

"ஐயோ, தோட்டத்துலதானே ஒங்களுக்குப் போட்டேன்! இன்னைக்கு அப்பாக்க ஆண்டுத் திதி. காலையில சைவமா எல்லாம் முடிச்சு, இப்ப அவருக்குப் பிடிச்சத வச்சிட்டு முற்றத்துல நின்னோம்..." அவன் அழுதுவிடுவான் போல இருந்தது. "கடைய அடைக்கப் பிடாதுன்னு அவருதான் சொல்லிட்டுப் போனாரு."

கோமளவல்லி மகனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தாள். அந்தத் தோளையும், அந்த முள் வரிசையையும் பார்த்தாள். அவளுடைய கண் நிறைந்தது. பயமா ஆசையா என்று சொல்ல முடியாத ஒரு நிறைவு. பிறகு சுதாரித்துக்கொண்டு சிவப்ரியாவின் கையைப் பிடித்தாள்.

"மக்ளே, வரும்ப கதவத் தட்டினியளா?" கிசுகிசுப்பாகக் கேட்டாள்.

"இல்லம்மா. தெரியாம..."

"இருந்து தின்னுட்டிருந்தவருக்கு எந்திக்க நேரம் குடுக்கல்லியே நீங்க. இந்தப் பிள்ளைக்க மேல கேறி இருந்துட்டாருல்லா."

"எனக்க புருசன எனக்குத் திருப்பித் தாருங்கம்மா. ஒங்க கால்ல விழுதேன்."

"வச்சது தீரணும் மக்ளே. தீந்தா கையக் கழுவிட்டு அவரு பாட்டுக்குப் போயிருவாரு. தீராம எழுப்பினா..."

இலையில் மரச்சீனியும் துவையலும் தீர்ந்திருந்தன. நண்டின் ஓடு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தது. மீனில் கடைசித் துண்டு. அதையும் தின்று முள்ளை வரிசையில் வைத்தாயிற்று.

மிச்சம் அந்தக் கிளாஸ்தான்.

சுஜித்தின் வலதுகை இலையிலிருந்து கிளம்பிக் கிளாஸைப் பார்த்து நகர்ந்தது.

"வேண்டாம்!" சிவப்ரியா மணிக்கட்டைப் பிடித்தாள். ரெண்டு கையாலும் பிடித்தாள். அது பாட்டுக்கு நகர்ந்தது. "அம்மா, இவரு குடிக்கப் பிடாது. ஒரு மடக்கு போனா செத்துருவாருன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க! தள்ளிக் கொட்டிருவோம்மா!"

"ஐயோ, கொட்டிராதே!" கோமளவல்லி அலறினாள். "கொட்டினா தீந்ததாகாது. அப்புறம் என்னைக்கும் அவரு இந்தப் பிள்ளைய விட்டு வெளிய வர மாட்டாரு."

விரல்கள் கிளாஸைத் தொட்டன.

ஒயின் வாசனை குப்பென்று எழுந்தது. மூலை விளக்கின் சுடர் காற்றே இல்லாமல் படுத்து எழுந்தது. சுஜித்தின் உதட்டில் ஒரு புன்சிரிப்பு. அதை அவளுக்குத் தெரியும். ஒரு வருடமாக ராத்திரியெல்லாம் கனவில் பயந்த சிரிப்பு அது. தாணப்பனுடையதா, பழைய சுஜித்துடையதா, யார் கண்டது?

"வேற யாராச்சும் குடிச்சா தீருமாம்மா?"

"தீரும்ணுதான் நெனைக்கேன். ஆனா எனக்கு..." கிளாஸை நோக்கி நீட்டிய கையைக் கிழவி பாதியில் இழுத்துக்கொண்டாள். ஸ்ரீனிவாசன் அதற்குள் இடைவழிக்குப் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். சொந்த அப்பாதான், ஆனாலும் அவன் கிட்டே வரவில்லை.

சிவப்ரியாவின் கைப்பை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதற்குள் இருந்த குச்சியை நினைத்தாள். ஒரு கிளாஸ். ஒரே ஒரு கிளாஸ். அதற்கு என்ன ஆகிவிடும்? இவன் குடித்தால் இவன் இல்லை. இவன் இல்லாவிட்டால் பிறக்கிற பிள்ளைக்கு அப்பன் இல்லை. அவளுக்கு யோசிக்க அவ்வளவுதான் நேரம் கிடைத்தது.

கிளாஸ் அவன் உதட்டுக்குப் போவதற்குள் பிடுங்கினாள். நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். இனிப்பும் புளிப்பும் கிராம்பின் காரமும் தொண்டையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. சூடாக இறங்கி அடிவயிற்றில் போய்த் தங்கியது. கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

சுஜித்தின் தோள் இறங்கியது. தலை முன்னால் சரிந்தது. ஒரு பெரிய ஏப்பம் விட்டான். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தான்.

"என்ன ஏட்டி எல்லாரும் நிக்கிய? கரண்டு வந்துட்டா?" இலையைப் பார்த்தான். "யாரு தின்னது இதெல்லாம்?"

அவள் அவன் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவன் தலைமுடி வாசனை அவனுடையதாகவே இருந்தது. அந்த அழுகையில் இருந்த சந்தோஷத்தை அவளுக்கு மறைக்கத் தெரியவில்லை. கோமளவல்லி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் ஊற்றினாள். எல்லாரையும் வெளியே வரச் சொல்லி, கதவைச் சாத்தி, மறுபடி ஒரு தடவை தட்டினாள். பொறுத்தாள். உள்ளே சத்தமில்லை. திறந்தாள். விளக்கு தானாக அணைந்திருந்தது. நாற்காலியில் கைவைத்துப் பார்த்தாள்.

"ஆறிட்டு," என்றாள். "போயாச்சு."

கரண்டு வந்தது. ஹாலில் யாரோ கைதட்டினார்கள். பழையபடி பேச்சும் சிரிப்பும் தொடங்கியது. கீழே கிடந்த கைப்பையைக் கோமளவல்லிதான் குனிந்து எடுத்தாள். டிஷ்யூ பிரிந்து குச்சி வெளியே வந்திருந்தது. கிழவி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்தக் காலத்து மனுஷிதான், ஆனால் ரெண்டு பேத்தி கண்டவள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

சுஜித் ஸ்ரீனிவாசனோடு முன்னால் நடந்துவிட்டிருந்தான். கிழவி சிவப்ரியாவின் காதருகே வந்தாள்.

"மாசமாவா இருக்கே?"

அவள் தலையசைத்தாள்.

கோமளவல்லி கொஞ்ச நேரம் அவளுடைய வயிற்றையே பார்த்தாள். பிறகு குச்சியைத் திரும்பச் சுற்றிக் கைப்பையில் வைத்தாள்.

"அப்ப நீ தனியாக் குடிக்கல்லியே மக்ளே," என்றாள்.

அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால்கூட ஒரு வகையில் நிம்மதியாக இருந்திருக்கும். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா எல்லாம் ஜோர் என்றாள். சுஜித் ஒரு சொட்டுத் தொடவில்லை. அவனுக்கு அந்தச் சாயங்காலம் நினைவிலேயே இல்லை, மயக்கம் போட்டுவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அவனுடைய சந்தோஷமான முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டாள். வீட்டுக்குள் எந்தக் கதவைத் திறந்தாலும் முதலில் தட்டிவிட்டுத் திறக்கிற பழக்கம் மட்டும் அவளுக்கு வந்திருந்தது. சமையலறைக் கதவையும், அலமாரிக் கதவையும்கூட. சுஜித் கேலி பண்ணுவான்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுத் தட்டை எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள். தட்டின் ஓரத்தில் மீன் முள் ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கியிருந்தது. அவள்தான் அடுக்கியிருந்தாள். எப்போது அடுக்கினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அழித்துக் கலைத்துவிட்டுத் தட்டைத் தேய்தேயென்று தேய்த்தாள்.

ஐந்தாம் மாசத்தில் ஒரு சாயங்காலம். வெளியே சாரல். அவள் கட்டிலில் சாய்ந்திருக்க, சுஜித் அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக் காத்துக் கிடந்தான். பிள்ளை இன்னும் அசையக் காணோம் என்று அவனுக்குத் தினமும் கவலை.

சட்டென்று அவன் முகம் மலர்ந்தது.

"ஏட்டி! தட்டுது! பிள்ள தட்டுது பாரு!"

அவளுக்கும் தெரிந்தது. எல்லாரும் சொன்ன மாதிரி அது மீன் துள்ளுவதாக இல்லை, பட்டாம்பூச்சியாகவும் இல்லை.

டொக். டொக். டொக்.

பிறகு பொறுத்திருந்தது.

அறைக்குள் எங்கிருந்தோ கிராம்பின் வாசனை மெல்ல வந்தது. சிவப்ரியா அவன் கையைப் பிடித்துத் தள்ளப் பார்த்தாள். வேண்டாம், பேசாதீங்க, ஒன்றும் சொல்லாதீங்க என்று சொல்ல அவள் வாய் துடித்தது, சத்தம் வரவில்லை.

டொக். டொக். டொக்.

மறுபடி பொறுத்திருந்தது. அங்கே நின்றபடி யாரோ அனுமதிக்குக் காத்திருந்தார்கள்.

சுஜித் சிரித்துக்கொண்டே குனிந்தான். அவள் வயிற்றோடு வாயை வைத்து, உலகத்திலுள்ள வாஞ்சையையெல்லாம் குரலில் கூட்டிச் சொன்னான்.

"யாருடே அது? கேறி வா மக்கா, கேறி வா."

தட்டுவது உடனே நின்றுவிட்டது.